ஹாஸ்டல் சாப்பாடும் கம்பெனி லாபமும்

1/ மண்ணூர், தண்டலம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஷிஃப்ட் மாறுற நேரத்துல போனா கம்பெனி பஸ்ஸா வரும். அதுல போறவங்க எங்க தூங்குறாங்க, என்ன சாப்பிடுறாங்கன்னு பார்க்கறது ஹெச்.ஆர். வேலைன்னு விட்டுடுறோம். அது எப்படி கம்பெனி கணக்கு வரைக்கும் போகுதுன்னு ஒரு டாக்டரா சொல்றேன்.

2/ 2021 டிசம்பர். சுங்குவார்சத்திரம் ஃபாக்ஸ்கான் ஐபோன் ஆலை. சுமார் 17,000 தொழிலாளர்கள், பெரும்பாலும் இளம்பெண்கள். பூந்தமல்லி பக்கம் ஒரு ஹாஸ்டல்ல சாப்பிட்டவங்களுக்கு வாந்தி, வயிற்றுப்போக்கு. 150 பேருக்கு மேல ஆஸ்பத்திரியில சேர்த்தாங்க.

3/ சேர்த்தவங்க எப்படி இருக்காங்கன்னு கூட வேலை பார்க்கிறவங்களுக்குச் சரியான தகவல் போகல. சிலர் இறந்துட்டாங்கன்னு வதந்தி பரவுச்சு. விளைவு, சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில மறியல்.

4/ டிசம்பர் 18-ல மூடின ஆலை ஜனவரி 12-லதான் திரும்பத் திறந்துச்சு. அதுவும் படிப்படியா. நடுவுல ஆப்பிள் இந்த ஆலையை 'கண்காணிப்பு'ல வச்சுச்சு. உற்பத்தி இல்லாத நாளுக்கும் சம்பளம் தருவோம்னு ஃபாக்ஸ்கான் அறிவிச்சது. கணக்கு போட்டுப் பாருங்க: வெளியே போற பணம் நிக்கல, பொருள் வெளியே போறது நின்னுடுச்சு.

5/ காரணம் என்ன? அந்த ஹாஸ்டல் சமையலறையில எலி, சரியில்லாத கழிவுநீர் வசதின்னு அதிகாரிகள் சொன்னாங்க. ஒரே அறையில 6 முதல் 30 பேர் வரை தங்கினதா செய்திகள் வந்துச்சு. நூத்துக்கணக்கான பேருக்கு ஒரே அடுப்புல சமைக்கிற இடத்துல ஒரு தண்ணித் தொட்டி கெட்டாப் போதும், ஒரே நாள்ல ஒரு ஷிஃப்ட்டே படுத்துடும்.

6/ இதுல பலரும் கவனிக்காத ஒண்ணு இருக்கு. அட்டெண்டன்ஸ் போனஸ். லீவைக் குறைக்கத்தான் பல கம்பெனியில வைக்கிறாங்க. ஆனா வயித்துப்போக்கோட இருக்கிறவங்க அந்தப் பணம் போயிடும்னு வேலைக்கு வந்துடுவாங்க. அதே கேன்டீன், அதே கழிவறை. ஒருத்தர் லீவு மிச்சம், பத்து பேருக்கு நோய். சம்பளத்தோட ரெண்டு நாள் நோய் விடுப்பு இதைவிட மலிவு.

7/ ஹாஸ்டலை கான்ட்ராக்டுக்கு விட்டா செலவு குறையும், உண்மைதான். ஆனா நோய் வந்தா கான்ட்ராக்டர் பேர் யாருக்கும் ஞாபகம் இருக்காது. ஆர்டர் கொடுத்தவங்க கம்பெனியைத்தான் கேள்வி கேட்பாங்க.

8/ பாடம் கத்துக்கிட்டாங்களான்னா, ஓரளவு. 2024 ஆகஸ்ட்ல வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கற குடியிருப்பு திறந்தாங்க. சிப்காட் கட்டினது, 706.50 கோடி ரூபாய். தொழிலாளி தூங்குற இடமும் தொழிற்சாலையோட ஒரு பகுதின்னு ஒத்துக்கிட்ட முதலீடு இது. இனி அதோட சமையலறையையும் தண்ணித் தொட்டியையும் தினம் பார்க்கறதுதான் வேலை.

9/ ஹாஸ்டல்ல தங்கியிருக்கிற தங்கச்சிங்களுக்கு: ஒரே மெஸ்ல சாப்பிட்ட மூணு நாலு பேருக்கு ஒரே நாள்ல வயிறு கெட்டா, தனித்தனியா மாத்திரை வாங்காதீங்க. ஓ.ஆர்.எஸ். குடிக்க ஆரம்பிச்சுட்டு, டாக்டர்கிட்ட "எங்க ரூம்ல இன்னும் மூணு பேருக்கும் இப்படித்தான்"னு சேர்த்துச் சொல்லுங்க. அந்த ஒரு வரி எங்களுக்கு ரொம்ப முக்கியம்.

ஹெச்.ஆர்.ல இருக்கிற நண்பர்களே, அந்த வரி உங்க காதுக்கு முதல்ல வந்தா, மறைக்காதீங்க.