கொள்ளையன் யார்?
(இரண்டாம் ஆண்டு, இயந்திரவியல்)



டிராயிங் ஷீட் என்றாலே நமக்கு அரியர் பயம்தான் ஞாபகம் வரும். அதே ஷீட்டில் நான் ஒரு படக்கதைப் புத்தகம் செய்த கதையைச் சொல்கிறேன், கேளுங்கள்.

இந்த வருட என்.எஸ்.எஸ். முகாம் ஒரு மீனவர் கிராமத்தில். அங்குள்ள தொடக்கப் பள்ளியில் நான்காம் வகுப்புக்கு தினமும் ஒரு மணி நேரம் ஏதாவது சொல்லித் தரவேண்டும் என்று எனக்கு வேலை கொடுத்தார்கள். கடலோரப் பிள்ளைகள் ஆச்சே, கடற்கொள்ளையர் கதை சொல்லலாம் என்று முடிவு செய்தேன்.

எங்கள் வீட்டில் படிக்க வந்த முதல் ஆள் நான்தான். அப்பா மண்டியில் மூட்டை தூக்குகிறார். சின்ன வயசில் பாடப் புத்தகத்தை விட்டால் நான் பார்த்த படம் தினசரி காலண்டர் அட்டை ஒன்றுதான். அதனால் சும்மா வாயால் சொல்லாமல், பிள்ளைகள் கையில் பிடித்துப் புரட்டுகிற மாதிரி ஒரு புத்தகம் கொடுக்க ஆசை. மூன்று ஷீட்டை இரண்டாக மடித்தால் 12 பக்கம். முகாமுக்குக் கிளம்பும் முன்பே வரைந்து முடித்தேன். நடு மடிப்பை அம்மா ஊசி நூலால் தைத்துக் கொடுத்தார். கடைசிப் பக்கத்தை மட்டும் பிள்ளைகள் வரையட்டும் என்று காலியாக விட்டேன்.

முதலில் 'கருந்தாடி' எட்வர்ட் டீச். 1718-ல் அமெரிக்காவின் வட கரோலினாக் கரையோரம் நடந்த சண்டையில் செத்தவன். அவன் கப்பல் கடலுக்கடியில் கிடைத்தது 1996-ல்தான்! புதையல் வரைபடம், தோளில் கிளி, ஒற்றைக் கால் இதெல்லாம் 1883-ல் புத்தகமாக வந்த ஸ்டீவன்சனின் 'புதையல் தீவு' நாவல் பரப்பியவை என்றும் எழுதினேன். அடுத்தது நம் பக்கத்து மலபார்க் கடற்கரையின் குஞ்ஞாலி மரைக்காயர்கள். கோழிக்கோடு சாமூதிரி மன்னரின் கடற்படைத் தலைவர்கள். போர்ச்சுக்கீசியர் கண்ணுக்கு மட்டும் கொள்ளையர். மன்னரும் கைவிட, நான்காம் குஞ்ஞாலியை 1600-ல் கோவாவில் கொன்றார்கள். இன்று மும்பையில் நம் கடற்படை நிலையம் ஒன்றுக்கு ஐ.என்.எஸ். குஞ்ஞாலி என்று பெயர்!

வகுப்பில் ஒரே கொண்டாட்டம். வெள்ளைத் தாளை டீ டிக்காஷனில் நனைத்துக் காயவைத்தோம். பழைய வரைபடம் ரெடி. பள்ளி மைதானத்தை டேப்பால் அளந்து, ஒரு மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் என்று வரைந்தோம். ஊசியைக் காந்தத்தில் ஒரே பக்கமாகத் தேய்த்து, தண்ணீரில் மிதக்கிற இலைமேல் வைத்து வடக்கு பார்த்தோம். புதையல், ஒரு டப்பா கடலை மிட்டாய். கயிற்று முடிச்சு மட்டும் அவர்கள்தான் எனக்குச் சொல்லித் தந்தார்கள்!

பார்த்தலோமியோ ராபர்ட்ஸ் என்ற கொள்ளையன் கப்பலில் எல்லோருக்கும் ஓட்டு உண்டு, கை கால் போனவனுக்கு நஷ்ட ஈடு உண்டு என்று சொன்னேன். உடனே பிள்ளைகளும் வகுப்புக்குச் சட்டம் எழுதினார்கள். முதல் சட்டம்: 'பென்சில் இல்லாதவனுக்கு ரெண்டு வச்சிருக்கிறவன் கொடுக்கணும்.'

கடைசி நாள் கோர்ட் நாடகம். குஞ்ஞாலி கொள்ளையரா, வீரரா? இரண்டு பக்கமும் வாதம் சூடாக நடக்கும்போது ஒரு பாப்பா எழுந்தாள்.

"அண்ணே, போன வருஷம் எல்லை தாண்டிட்டார்னு எங்கப்பாவைப் பிடிச்சு ஜெயில்ல வச்சாங்க. அப்போ எங்கப்பாவும் கொள்ளைக்காரரா?"

வகுப்பே கப்சிப். எனக்குத் தொண்டை அடைத்தது. "இல்லம்மா. தன் லாபத்துக்காக நடுக்கடல்ல இன்னொரு கப்பலைத் தாக்கிக் கொள்ளையடிச்சாத்தான் கடற்கொள்ளை. 1982-ல உலக நாடுகள் சேர்ந்து எழுதின கடல் சட்டம் அப்படித்தான் சொல்லுது. எல்லை தாண்டினது வேற வழக்கு. உங்கப்பா மீன் பிடிக்கப் போனவர்" என்றேன்.

அவள் ஒன்றும் பேசவில்லை. புத்தகத்தை வாங்கி, காலியாக இருந்த பக்கத்தில் நீலக் கலரில் ஒரு படகு வரைந்தாள். கீழே எழுதினாள்: 'எங்கப்பா படகு. மீன் படகு.'

அந்தப் புத்தகம் இப்போது அந்தப் பள்ளி அலமாரியில் இருக்கிறது. நண்பர்களே, நம்மில் பலரும் வீட்டில் முதல் ஆளாகப் படிக்க வந்தவர்கள்தானே? அடுத்த முகாமுக்கு சிவில்காரர்கள் கலங்கரை விளக்கம் வரையுங்கள், எலக்ட்ரிக்கல்காரர்கள் மின்னலை வரையுங்கள். மூன்று ஷீட், ஒரு பாக்கெட் ஸ்கெட்ச் பென் போதும். தைக்க எங்கம்மா இருக்கிறார்!