மாரிகுப்பத்திலிருந்து ரெண்டு மணி நேரம்

கோலார் தங்கவயலின் ஆண்டர்சன்பேட்டையில் பெங்களூரு எவ்வளவு தூரம் என்று கேட்டால், "ரெண்டு மணி நேரம்" என்பார்கள். கிலோமீட்டர் யாருக்கும் நினைவில் இருக்காது. அது ரயில் கணக்கு; கிராசிங்குக்கு நிறுத்தினால் கூடும்.

விடியுமுன் டிபன் பாக்ஸும் சீசன் டிக்கெட்டுமாக மாரிகுப்பம் ஸ்டேஷனுக்குக் கூட்டம் சேரும். தண்டவாளம் இதற்கு அப்பால் இல்லை. பவுரிங்பேட்டையிலிருந்து, அதாவது இன்றைய பங்காரப்பேட்டையிலிருந்து, தங்கவயலுக்காகவே 1894-இல் போட்ட பத்து மைல் கிளைப்பாதை. வட ஆற்காடு, சேலம் பக்கத்துக் குடும்பங்களைச் சுரங்கத்துக்குக் கொண்டுவந்து சேர்த்த பாதை. 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடியபிறகு அவர்களுடைய பேரப்பிள்ளைகளை ஊரைவிட்டு வேலைக்குக் கூட்டிப்போவதும் இதுதான்.

முதலில் சாம்பியன் ஸ்டேஷன். தாத்தாமார் இங்கே வேலைக்குப் போன தூரம் சுமார் 3.2 கி.மீ. நேர் கீழே! ஒரே கேஜில், அதாவது சுரங்க லிஃப்டில், அடிவரை போக முடிந்ததில்லை. நடுவில் இறங்கி வேறு கேஜ் மாற வேண்டியிருந்தது. அடியில் பாறை 60 பாகை செல்சியஸுக்கும் மேல் தகித்தது. இதே சுரங்கத்தின் ஆழத்தில்தான் 1965-இல் விஞ்ஞானிகள், காற்றுமண்டலத்தில் பிறந்து பாறையைத் துளைத்து வந்த நியூட்ரினோவின் தடயத்தைப் பிடித்தார்கள். டிக்கெட் இல்லாமல் இந்த ஊருக்கு வந்தவற்றில் அதிக தூரம் பயணித்தது அதுவாகத்தான் இருக்கும்.

உரிகம், கோரமண்டல், பெமல் நகர். ஜன்னலுக்கு வெளியே, தங்கம் பிரித்தபின் கொட்டிய கழிவான சைனைடு மேடுகள் வெளிறிக் கிடக்கும். தினம் போகிறவர்கள் பார்ப்பதில்லை, தூங்குவார்கள்.

பங்காரப்பேட்டையில் மெயின் லைன். இங்கிருந்து கோலார், சிக்கபள்ளாபூர் வழியாகப் போகும் இன்னொரு பாதை தேவனஹள்ளியிலுள்ள பெங்களூரு விமான நிலையத்தை ஒட்டியே செல்கிறது. 2021-இல் அங்கே ஒரு சின்ன ஸ்டேஷன்கூடத் திறந்தார்கள். நம் கூட்டத்துக்கு அந்தப் பக்கம் வேலையில்லை. டேக்கல், மாலூர் தாண்டி ஒயிட்பீல்டில் பெட்டி பாதி காலியாகும். கே.ஆர்.புரத்தில் இன்னும் கொஞ்சம். கன்டோன்மென்டில் மிச்சம்.

தேவனஹள்ளியிலிருந்து துபாய் ஏறத்தாழ 2,700 கி.மீ. விமானத்தில் நாலு மணி நேரம். மாரிகுப்பத்துக்காரர் ஒருவர் வேலைக்குப் போய்த் திரும்ப ரயிலில் உட்காரும் நேரமும் அதேதான். உட்கார இடம் கிடைத்தால். வாரத்துக்கு ஆறு துபாய். பெங்களூரிலேயே வீடு பார்க்கலாமே என்று கேட்பவர்கள் அங்கே வாடகை கொடுத்துப் பார்க்காதவர்கள். இங்கே சுரங்கக் கம்பெனியின் லைன் வீடு ஒண்டுவதற்காவது இருக்கிறது.

இரவு ரயிலில் தோளில் சாய்ந்து தூங்கிய பையன் திடுக்கிட்டு எழுந்தான்.

"பங்காரப்பேட்டை வந்தாச்சாண்ணா?"

"வந்தாச்சு. தூங்குப்பா, இன்னும் அஞ்சு ஸ்டேஷன்."