கிண்ணமும் கத்தரிக்காயும்

பிள்ளைத்தமிழ் நடத்தும் நாட்களில் பத்துப் பருவங்களின் பெயர்களையும் மாணவர்கள் ஒரே மூச்சில் ஒப்பித்துவிடுவார்கள். காப்பு, செங்கீரை, தால், சப்பாணி என்று வரிசை பிசகாது. அந்த வரிசைக்குள் ஓர் இசைக்கல்வி ஒளிந்திருப்பதைத்தான் எவரும் கவனிப்பதில்லை. தாலில் குழந்தை கேட்கிறது. சப்பாணியில் கை கொட்டுகிறது. பாட்டியல் மரபு அதற்கு ஒன்பதாம் திங்களைக் குறிக்கும். ஆண்பால் பிள்ளைத்தமிழாயின் பின்னால் சிறுபறையும் முழக்குகிறது. காது முதலில், கை அடுத்து. 'பாடிக் காட்டு' என்று குழந்தையை ஏவுவதற்கென ஒரு பருவத்தை நம் முன்னோர் வைக்கவில்லை.

நாம் தொடங்குவதோ அங்கேதான். ஆறு வயதில் பாட்டு வகுப்பு, அடுத்த நவராத்திரிக்குள் மேடை. 2019இல் என் மகளையும் அப்படித்தான் சேர்த்தோம். சில மாதங்களில் அந்த ஆசிரியை மற்றப் பிள்ளைகளின் முன்னிலையிலேயே, "இவளுக்குச் சுருதியே நிக்கல. காது இல்லாத குழந்தை" என்று சொல்லிக் கடைசி வரிசைக்கு அனுப்பிவிட்டார். அன்றோடு அவள் வகுப்பை விட்டாள் என்பது பெரிதல்ல. குளிக்கும்போது முனகுவதைக்கூட நிறுத்திவிட்டாள். யாரேனும் பாடத் தொடங்கினால் எழுந்து அடுத்த அறைக்குப் போய்விடுவாள்.

2020 மார்ச்சில் பள்ளிகள் மூடின. தமிழ்நாட்டில் ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்கு மறுபடி கதவு திறந்தது 2021 நவம்பரில்தான். கைபேசி வகுப்பு ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும்; பாளையங்கோட்டை வெயிலில் மிச்சப் பகல் நீண்டு கிடக்கும். அப்படியொரு பகலில்தான் பரணிலிருந்த பீங்கான் கிண்ணங்களை இறக்கினோம். மடித்த துண்டின் மேல் கிண்ணங்களை வைத்து, நீர் ஊற்றி, மரக் கரண்டியின் காம்பால் விளிம்பை மெல்லத் தட்ட வேண்டும். ஜலதரங்கம் என்று பெயர் சொன்னால் கச்சேரி நினைவு வந்துவிடும் என்பதால் பெயர் சொல்லவில்லை.

நீர் கூடினால் ஓசை தாழும் என்பதை அவளே கண்டுகொண்டாள். கிண்ணத்தின் அடிப்பகுதியில் எவ்வளவு ஊற்றினாலும் பெரிதாக மாற்றம் இராது. அதிர்வு மிகுதி விளிம்பில் என்பதால், நீர் விளிம்பை நெருங்க நெருங்க ஒரு தேக்கரண்டியே ஓசையை வெகுவாக இறக்கிவிடும். கண்ணாடிப் பாட்டிலில் இன்னொரு வேடிக்கை உண்டு. தட்டினால் கிண்ணத்தைப் போலவே நீர் கூடக்கூட ஓசை தாழ்கிறது. வாயில் ஊதினாலோ, உள்ளே காற்றுக்கு இடம் குறைவதால் ஓசை ஏறுகிறது. அதே பாட்டில், அதே நீர், இரண்டு நேரெதிர் விடைகள். இதைக் கண்டறிந்த அன்று அவள் மதியச் சாப்பாட்டுக்கே வரவில்லை.

பிறகு கைபேசியில் சுருதிப்பெட்டிச் செயலியை ஒலிக்கவிட்டு, ஒரு கிண்ணத்தை அதனோடு பொருத்தச் சொன்னேன். பேனாவுக்கு மை நிரப்பும் குழலால் சொட்டுச் சொட்டாக நீரை விட்டும் எடுத்தும் கொண்டிருந்தாள். எனக்குச் சரியாகிவிட்டதென்று தோன்றிய இடத்தில், "இல்லம்மா, ஒரு சொட்டு கூடிப்போச்சு" என்றாள். சுருதி காட்டும் இன்னொரு செயலியைத் திறந்து பார்த்தேன். அதன் முள்ளும் அவள் பக்கமே நின்றது. சில நாட்களில் ச, ரி, க, ப, த என்று மோகனத்தின் ஐந்து சுரங்களும் வரிசையாக அமர்ந்துவிட்டன. (ஐந்தாகத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. மோகனத்தில் எதை அடுத்து எதைத் தட்டினாலும் காதை உறுத்தாது. குழந்தைக்கு அது பெரிய சலுகை.)

காது இல்லாத குழந்தை என்ற தீர்ப்பு என்னவாயிற்று? கேட்பது ஒரு திறன். கேட்டதைத் தொண்டையில் கொண்டுவருவது வேறொரு திறன். இரண்டும் எல்லாக் குழந்தைகளிடமும் ஒரே வயதில் வருவதில்லை. குரலை மட்டும் சோதித்துவிட்டுக் காதுக்கு மதிப்பெண் போடுவது எந்த ஊர் நியாயம்?

தாளத்துக்கு என் தொழிலே கைகொடுத்தது. மாத்திரைக்கு அளவு சொல்ல வந்த தொல்காப்பியர் கண்ணிமைப்பையும் கைந்நொடிப்பையும்தான் காட்டுகிறார். அப்படியிருக்க நாம் அசையைத் தாளில் மட்டும் பிரிக்கிறோம். அலகிடுவதில் முழு மதிப்பெண் வாங்கும் மாணவருக்கு அடியின் ஓசை கேட்பதில்லை. வீட்டில் நேரசைக்கு ஒரு தட்டு 'தா', நிரையசைக்கு விரைவாக இரு தட்டு 'தக' என்று வைத்துக்கொண்டோம். காய்கறிக் கூடைதான் பாடநூல். வெண்டைக்காய் 'தா தா தா', அதுவே தேமாங்காய். கத்தரிக்காய் 'தா தக தா', கூவிளங்காய். முருங்கைக்காய் 'தக தா தா', புளிமாங்காய். ஒருவர் மேசையில் தட்ட, மற்றவர் காயின் பெயரைச் சொல்ல வேண்டும். வாழைக்காயா வெண்டைக்காயா என்ற வழக்கு அன்றாடம் நடந்தது. இரண்டும் தேமாங்காயே என்பதால் தீர்ப்புக்கு வழியில்லை. இன்னொரு விளையாட்டில் எட்டு எண்ணிக்கையில் கடைசித் தட்டை மனத்துக்குள் தட்ட வேண்டும், கை அசைந்தவர் தோற்றவர். அதில் பெரும்பாலும் தோற்பவர் அவளுடைய அப்பா.

'தக தக தா' மட்டும் எந்தக் கூடையிலும் அகப்படவில்லை. கொத்தவரங்காய் என்று அவள் ஒருமுறை முயன்றாள். தட்டிப் பார்த்துவிட்டு, "ஒரு அசை கூடுது" என்று தானே விலக்கிவிட்டாள். பலாப்பழம் 'தக தக' வரை வந்து நின்றுவிட்டது. மாதக்கணக்கில் கருவிளங்காய்க்கு ஆள் இல்லை.

2021 தைப்பொங்கலுக்கு நான்கு நாள் முன்னர், காலையில், தள்ளுவண்டிக்காரர் தெருவில் கூவிக்கொண்டு வந்தார். எங்கள் பக்கத்துப் பொங்கல் படையலில் தவறாத சிறுகிழங்கு. அவர் 'சிறு'வில் தொடங்கிக் 'கிழங்'கில் உயர்ந்து நீட்டி, 'கு'வைப் பாதியில் விட்டுவிடுவார். நான் அடுக்களையில் இருந்தேன். வாசலில் தொடைமேல் தட்டும் சத்தம் கேட்டது, 'தக தக தா', இரண்டு முறை. பிறகு அந்தக் கூவல் மறுபடி கேட்டது. ஆனால் வண்டி அதற்குள் தெருமுனை திரும்பியிருந்தது. குரல் எங்கள் வாசலிலிருந்தே வந்தது. அதே ஏற்றம், அதே நீட்டல்.

நான் வெளியே போகவில்லை. கழுவிக்கொண்டிருந்த பாத்திரத்தைச் சத்தம் வராமல் கீழே வைத்தேன்.