ஈரத்துல தொடாத கண்ணு!

மொட்டை மாடியில தக்காளி வெச்சிருக்கீங்களா? ஐப்பசி மழை பிடிச்சதும் அடி இலையில பழுப்புப் புள்ளி எட்டிப் பார்க்குதா? அப்ப இது உங்களுக்குத்தான் பாஸ்! செடி இல்லாதவங்களும் படிக்கலாம். இதுல நான் சொன்ன ஒரு பொய்யும் இருக்கு.

எங்க வீடு திருமுடிவாக்கத்துல. சிட்கோ தொழிற்பேட்டையில மெஷின் சத்தம் அடங்கினாதான் எங்க தெருவுக்குப் பொழுது சாயும். மாடியில 12 பைகளில் தக்காளிச் செடிகள். வெச்சது நானில்லை, எங்க ஆயா. உத்திரமேரூர் பக்கம் வயல்ல நாத்து நட்டே பழகின கை அவங்களுடையது. 2021 புரட்டாசியில முட்டி வலி அதிகமாகி, படியேற முடியாமல் போனதால் செடிகள் என் பொறுப்பில் வந்தன. தினமும் சாயங்காலம் ஆயாவிடமிருந்து ஒரே கேள்விதான்.

"செடிங்க எப்பிடி கீது கண்ணு?"

"சூப்பரா இருக்கு ஆயா!"

நவம்பரில் மழை பிடித்தது. விடவே இல்லை. ஒருநாள் பார்த்தால் நாலு செடிகளின் அடி இலைகளில் பழுப்புப் புள்ளிகள். உத்துப் பார்த்தா வளையத்துக்குள்ள வளையம், சுத்திலும் மஞ்சள். பதறிப்போய் மழை ஈரத்தோடவே ஒவ்வொரு செடியா இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அதே கையோடு அடுத்த செடி, அதுக்கடுத்த செடி. நோய்க்கு நானே டோர் டெலிவரி பண்ணிட்டிருந்தேன்!

அதுக்குப் பேர் முன்பருவ இலைக்கருகல். ஆல்டர்நேரியா என்ற பூஞ்சணத்தின் வேலை. உதிர்ந்த பழைய இலைகளிலும் மண்ணிலும் அது பதுங்கியிருக்கும். மழைத்துளி மண்ணில் விழுந்து தெறிக்கும்போது, அந்தச் சேற்றோடு அடி இலைக்கு லிஃப்ட் கேட்டு ஏறிவிடும். இலை காயாமல் ஈரமாகவே இருந்தால் அதுக்குக் கொண்டாட்டம். அங்கிருந்து மேல் இலை, அப்புறம் பக்கத்துச் செடி.

பின்பருவ இலைக்கருகல்னு இன்னொண்ணும் உண்டு. அது குளிர்ப் பிரதேசத்து ஆள். 1845ல் அது அயர்லாந்தின் உருளைக்கிழங்குப் பயிரில் இறங்கியது. அடுத்த சில வருஷங்களில் பசியிலும் நோயிலும் சுமார் 10 லட்சம் பேர் செத்துப்போனார்கள். இலையில ஒரு புள்ளிதானேன்னு அலட்சியமா இருக்க முடியாது.

நானும் அலட்சியமா இல்லை. அவசரப்பட்டேன். மருந்துக் கடையில் மயில்துத்தம் வாங்கி, சுண்ணாம்பு சேர்த்து போர்டோ கலவை அடிச்சேன். அதுக்கு ஒரு சுவையான கதை இருக்கு. பிரான்ஸில் வழிப்போக்கர்கள் திராட்சையைத் திருடாமல் இருக்க, சாலையோரக் கொடிகளில் இந்தக் கலவையைத் தெளிப்பார்களாம். அந்தக் கொடிகளுக்கு மட்டும் நோய் வராததை மில்லர்டே என்ற பேராசிரியர் கவனித்தார். 1885ல் அது மருந்தாக உலகத்துக்குத் தெரியவந்தது. நான் அதோட நிறுத்தியிருக்கலாம். மறுநாளே சூடோமோனாஸையும் கரைச்சுத் தெளிச்சேன். அது நன்மை செய்யும் பாக்டீரியா. முந்தின நாள் அடிச்ச தாமிரம் அதையும் கொன்னுடும்னு எனக்குத் தெரியல. காசும் போச்சு, மருந்தும் போச்சு.

கீழே மட்டும் அதே பதில்: "சூப்பரா இருக்கு ஆயா!"

அந்த நவம்பரில் சென்னையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டியது. அம்மா கடையிலிருந்து அரைக் கிலோ வாங்கிட்டு வந்து முறத்தில் கொட்டினாங்க. ஆயா அதைப் பார்த்தாங்க. என்னைப் பார்த்தாங்க. ஒண்ணும் கேட்கலை. மறுநாள் காலையில மழை விட்டதும், படியில உட்கார்ந்து உட்கார்ந்தே மேல ஏறிட்டாங்க.

திட்டுவாங்கன்னு நினைச்சேன். திட்டலை. இலை காயுற வரைக்கும் காத்திருந்தாங்க. அப்புறம் புள்ளி விழுந்த இலைகளையும் மண்ணைத் தொட்ட இலைகளையும் கிள்ளி ஒரு கவரில் போட்டாங்க. எட்டு செடியை வேரோடு பிடுங்கச் சொன்னாங்க. "ஈரத்துல செடியாண்ட போவாத கண்ணு. அன்னிக்கே சொல்லிருந்தா ஏழெட்டு எலையோட போயிருக்கும்." அவ்வளவுதான்.

ஆயாகிட்டயும் அப்புறம் அடிபட்டும் நான் கத்துக்கிட்டது இதுதான்:

* மண்ணுக்கு மேல ஒரு சாண் உயரத்துக்கு இலையே வேண்டாம். ஆனா ஒரே நாள்ல செடியை மொட்டையடிக்காதீங்க.
* பையில மண் தெரியாதபடி வைக்கோலோ காய்ந்த சருகோ பரப்புங்க. தெறிப்பு நின்னாலே பாதி நோய் நிக்கும்.
* தண்ணீர் வேருக்கு, அதுவும் காலையில. தலைக்குக் குளிப்பாட்டாதீங்க.
* குச்சி நட்டுக் கட்டுங்க. பைகளுக்கு நடுவுல காத்து போக இடம் விடுங்க.
* கிள்ளின இலை குப்பைக்குத்தான். உரக்குழிக்கு இல்லை.
* மருந்து எதுவானாலும் புள்ளி வர்றதுக்கு முன்னாடிதான் நல்லாக் காப்பாத்தும். கருகின இலையை எதுவும் பச்சையாக்காது.
* அதே மண்ணில் அடுத்த முறை தக்காளி, கத்திரி, உருளை வேண்டாம். கீரையோ வெண்டையோ போடுங்க.

அந்த வருஷம் மிஞ்சின நாலு செடியும் தையில காய்ச்சது. முதல் பழத்தை ஆயா எனக்குத்தான் கொடுத்தாங்க. அதுதான் எனக்கு ரொம்ப வலிச்சது.

இப்பவும் மழைக்காலத்துல அதே கேள்வி வரும்.

"செடிங்க எப்பிடி கீது?"

"ரெண்டாவது பையில மூணு இலையில புள்ளி ஆயா."

"கிள்ளிட்டியா?"

"காயட்டும்னு இருக்கேன்."

ஆயா சிரிப்பாங்க.