வராதவர்களின் கணக்கு

மரியாதை, நேர்மை, தகவல் பரிமாற்றம், சிறப்பு. ஹூஸ்டனில் இருந்த என்ரான் கம்பெனியின் விழுமியங்கள் இந்த நான்கும். 2000 ஜூலையில் 64 பக்கத்துக்கு ஒரு நன்னெறிக் கையேடும் அச்சிட்டு ஊழியர்களுக்குக் கொடுத்தார்கள். தலைவர் கென்னத் லேயின் முன்னுரையோடு. அடுத்த ஆண்டு டிசம்பரில் திவால்.

இதைச் சொன்னால் எல்லோரும் சிரிப்பார்கள். எனக்கு உறுத்துவது அந்தக் கையேட்டுக்கு ஒரு வருடம் முந்தைய சங்கதி. நிதி அதிகாரி ஆண்ட்ரூ ஃபாஸ்டோ சொந்தமாகச் சில கூட்டு நிறுவனங்களை வைத்துக்கொண்டு என்ரானோடே வியாபாரம் செய்ய விரும்பினார். கம்பெனியின் நடத்தை விதிப்படி அது கூடாது. 1999இல் இயக்குநர் குழு முறைப்படி கூடி, அவருக்கு விலக்கு கொடுத்துத் தீர்மானம் போட்டது. திருட்டுத்தனமாக யாரும் விதியை மீறவில்லை. நடவடிக்கைக் குறிப்பில் எழுதி, கையெழுத்திட்டு, ஓரமாக எடுத்து வைத்தார்கள். கையேடு வந்தது அதற்குப் பிறகுதான்.

*

ஒரு நிறுவனத்தின் நோக்கம் என்ன என்று யாராவது கேட்டால், அது எதை எண்ணுகிறது என்று பாருங்கள் என்பேன். மாதக் கடைசியில் பெரியவர் மேஜைக்குப் போகும் காகிதத்தில் முதல் வரி எதைப் பற்றியது? மற்றதெல்லாம் வரவேற்பறைக்கு.

*

மதுரை, 1976. அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கண் மருத்துவர் ஒருவர், 58 வயதில், அண்ணா நகரில் ஒரு வீட்டில் 11 படுக்கைகளோடு ஆஸ்பத்திரி தொடங்குகிறார். கோவிந்தப்ப வேங்கடசாமி, வெளிநாட்டுக்காரர்கள் வாயில் 'டாக்டர் வி'. எட்டயபுரத்துப் பக்கம் அயன் வடமலாபுரத்துக்காரர். சென்னை ஸ்டான்லியில் படித்து ராணுவத்தில் டாக்டராகச் சேர்ந்தவர். மகப்பேறு மருத்துவராக வேண்டும் என்று இருந்தவருக்கு முப்பது வயதை ஒட்டி முடக்குவாதம் வந்து விரல்கள் கோணிக்கொண்டன. கண் மருத்துவத்துக்கு மாறி, அந்த விரல்களுக்கு ஏற்றபடி கத்தியைப் பிடிக்கப் பழகி, வாழ்நாளில் லட்சம் ஆபரேஷனுக்கு மேல் செய்தார்.

அரவிந்த் ஆஸ்பத்திரியின் கதையைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் அந்த விரல்களிலேயே நின்றுவிடுகிறார்கள். நெஞ்சைத் தொடும் இடம்தான். ஆனால் எனக்குச் சுவையாகப் படுவது அவருக்கிருந்த மெக்டொனால்ட்ஸ் மோகம். அரவிந்தரின் பக்தர், ஆஸ்பத்திரிக்கு அந்தப் பெயரையே வைத்தவர், தினமும் தியானம் செய்கிறவர். அப்பேர்ப்பட்டவர் அமெரிக்காவுக்குப் போய் ஹாம்பர்கர் விற்கும் கடையைப் பார்த்து மலைத்து நிற்கிறார். எந்த ஊரில் கேட்டாலும் ஒரே தரம், ஒரே வேகம், பள்ளி முடித்த பிள்ளைகளைப் பழக்கியே வேலை நடக்கிறது. ரொட்டிக்கு முடிகிறது என்றால் கண்புரைக்கு ஏன் முடியாது? ஆன்மிகம் பேசும் தலைவர்களை நிறையப் பார்த்திருக்கிறோம். வரிசை எப்படி நகர வேண்டும் என்றும் யோசித்த ஆன்மிகவாதிகள் குறைவு.

*

அரவிந்தின் ஆபரேஷன் தியேட்டரில் ஒரு டாக்டருக்கு இரண்டு மேஜை. ஒன்றில் ஆபரேஷன் நடக்கும்போதே அடுத்ததில் இன்னொருவர் தயாராகப் படுத்திருப்பார். முதல் கண் முடிந்ததும் டாக்டர் மைக்ரோஸ்கோப்பை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்வார். மருந்து விடுவது, கண்ணைச் சுத்தம் செய்வது, அளவு எடுப்பது, நோயாளியிடம் பயம் தெளியப் பேசுவது எல்லாம் சிஸ்டர்களின் வேலை. கிராமங்களிலிருந்து பிளஸ் டூ முடித்து வந்து அங்கேயே இரண்டு வருடம் பயிற்சி பெற்ற பெண்கள். டாக்டர் மட்டுமே செய்யக்கூடியது எதுவோ, அதை மட்டும் டாக்டர் செய்கிறார். இந்த ஏற்பாட்டில் ஒரு டாக்டர் வருடத்துக்கு இரண்டாயிரம் ஆபரேஷன் வரை செய்ய முடிகிறது. மற்ற இடங்களின் சராசரி இதில் ஒரு சிறு பகுதிதான். எந்த டாக்டர் கையில் எத்தனை சிக்கல் என்பதும் பதிவாகிக்கொண்டே இருக்கிறது. வேகத்தை மட்டும் எண்ணினால் விபரீதம்.

இன்னொன்று, வாசல். பணம் கட்டுகிற பக்கம் ஒன்று, இலவசப் பக்கம் ஒன்று. எதில் நுழைவது என்பது வருகிறவரின் முடிவு. வருமானச் சான்றிதழ் கேட்பதில்லை. வசதியுள்ளவர்கள் ஏமாற்ற மாட்டார்களா? சிலர் ஏமாற்றலாம். அவர்களைப் பிடிக்க ஒரு படிவம், ஒரு குமாஸ்தா, ஒரு தாசில்தார் கையெழுத்து என்று வைத்தால், அந்தக் கையெழுத்துக்காக அலைய முடியாத கிழவிதான் முதலில் விடுபடுவாள்.

பணம் கட்டினால் ஏ.சி. அறை, இலவசம் என்றால் கூடத்தில் பாய். இதை யாரும் மறைப்பதில்லை. ஆனால் டாக்டர்கள் இரண்டு பக்கமும் மாறி மாறிப் போகிறார்கள். எதை விட்டுக்கொடுக்கலாம், எதை விடக்கூடாது என்று யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள். பாயில் விட்டுக்கொடுத்தார்கள், ஆபரேஷன் செய்யும் கையில் விடவில்லை. எல்லாவற்றிலும் சமம் என்று பலகை எழுதியிருந்தால் பத்து வருடத்தில் கடையைக் கட்டியிருக்க வேண்டியிருக்கும்.

*

ஒரு நெருடல். அந்த சிஸ்டர்களின் உழைப்பு இல்லாமல் இந்தக் கணக்கு எதுவும் நிற்காது. பலர் சில வருடம் வேலை பார்த்து, கல்யாணம் ஆனதும் போய்விடுகிறார்கள். கிராமத்துப் பெண்ணுக்குக் கிடைத்த மதிப்பான வேலை என்று இதைச் சொல்லலாம், உண்மை. நிறுவனத்துக்கு அது மலிவாகவும் அமைந்தது என்பதும் உண்மை. அரவிந்தைப் புகழ்கிற கட்டுரைகளில் இரண்டாவது வாக்கியம் எப்போதும் காணாமல் போகிறது.

குடும்பத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். தங்கை நாச்சியார், அவர் கணவர் நம்பெருமாள்சாமி, தம்பி சீனிவாசன் என்று வீடே ஆஸ்பத்திரிக்குள் வந்தது. நகையை அடகு வைத்துக் கட்டடம் எழுப்பினார்கள். மேலாண்மை மாணவர்கள் ஹார்வர்டிலிருந்து வந்து படித்துவிட்டுப் போகிறார்கள். இரண்டு மேஜையை எடுத்துக்கொண்டு போகலாம். அண்ணன் சொன்னால் கேட்கிற தம்பி தங்கைகளை எப்படி எடுத்துக்கொண்டு போவது?

*

குஜராத், ஆனந்த். அமுல் என்றதும் குரியன் பெயர்தான் வரும். கோழிக்கோட்டில் பிறந்து, சென்னை லயோலாவிலும் கிண்டியிலும் படித்தவர். ஆனால் 1946இல் கைரா மாவட்டப் பால் சங்கம் உருவானபோது அவர் அங்கே இல்லை. விவசாயிகளைத் திரட்டியவர் திரிபுவன்தாஸ் படேல். 1949இல் வேறு அரசு வேலையாக வந்து, எப்போது கிளம்பலாம் என்று இருந்த குரியனை நிறுத்தி வைத்துக்கொண்டவரும் அவர்தான். சங்கத்துக்குத் தலைவர் படேல், குரியன் சம்பளக்காரர். தன்னைவிடக் கெட்டிக்காரனை வேலைக்கு வைத்துவிட்டு, அவன் வழியில் குறுக்கே நிற்காமல் இருப்பது சுலபமில்லை. அந்தத் தலைமைக்கு விளம்பரம் கிடைப்பதில்லை.

சங்கத்தின் கட்டளை ஒன்றுதான்: உறுப்பினர் கொண்டுவரும் பாலைத் திருப்பி அனுப்பக் கூடாது. எருமை குளிர்காலத்தில் அதிகம் கறக்கும். தனியார் கம்பெனியாக இருந்தால் 'இன்றைக்குப் போதும்' என்று சொல்லிவிடலாம். சங்கத்தால் முடியாது, பால் கொண்டு வருகிறவர்தான் முதலாளி. மிஞ்சும் பாலை என்ன செய்வது? பவுடராக்கலாம். எருமைப் பாலில் பவுடர் வராது என்று வெளிநாட்டு நிபுணர்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். தலாயா என்ற தொழில்நுட்பக்காரர் செய்து காட்டினார். 1955இல் ஆலை வந்தது. பவுடர் விற்கலாம் என்று தொடங்கி யாரும் பவுடருக்கு வரவில்லை. திருப்பி அனுப்பக் கூடாது என்ற பிடிவாதம் கொண்டுவந்து விட்ட இடம் அது.

சேகரிப்பு மையத்தில் எல்லா ஜாதிக்காரர்களும் ஒரே வரிசை. எல்லார் பாலும் ஒன்றாகக் கலந்தது. கொழுப்புச் சதவீதத்தைப் பார்த்துக் காசு. ஜாதி ஒழிப்பு பற்றி அந்தக் கிராமங்களில் யாரும் பிரசங்கம் செய்ததாகத் தெரியவில்லை.

குரியனின் கடைசிக் காலம் அவ்வளவு அழகில்லை. பல பத்தாண்டுகள் கோலோச்சியபின், 2006இல், எண்பது வயதைத் தாண்டி, தான் கட்டிய பால் சங்கங்களின் கூட்டமைப்போடு மனக்கசப்பாகி விலகினார். எப்போது எழுந்து போவது என்பதைப் பெரிய தலைவர்களுக்கு யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. சொன்னாலும் கேட்டிருக்க மாட்டார்.

*

ஜான்சன் அண்ட் ஜான்சன். மேலாண்மை வகுப்புகளில் தப்பாமல் வரும் பாடம். 1943இல் ராபர்ட் வுட் ஜான்சன் ஒரு பக்கத்தில் கம்பெனியின் கொள்கை அறிக்கையை எழுதினார். முதல் கடமை மருத்துவர்களுக்கும் நர்சுகளுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் தாய்மார்களுக்கும், பங்குதாரர்கள் கடைசி. 1970களில் கம்பெனித் தலைவர் ஜேம்ஸ் பர்க் மேலாளர்களைக் கூட்டி, இதை நம்புகிறீர்களா, இல்லையென்றால் சுவரிலிருந்து கழற்றிவிடுவோமா என்று விவாதிக்க வைத்தார். 1982இல் சிகாகோ வட்டாரத்தில் யாரோ கம்பெனியின் டைலனால் கேப்சூல் மாத்திரைகளில் சயனைடு கலந்து ஏழு பேர் இறந்தார்கள். கம்பெனி நாடு முழுவதும் மூன்று கோடிக்கு மேற்பட்ட புட்டிகளைத் திரும்ப எடுத்தது. சுமார் பத்துக் கோடி டாலர் செலவு. பாடம் இங்கே மணி அடித்து முடிந்துவிடும்.

முடியக் கூடாது. அதே குழுமத்தைச் சேர்ந்த டிப்யூ கம்பெனியின் ஏ.எஸ்.ஆர். இடுப்பு மூட்டு, உடலுக்குள் தேய்ந்து உலோகத்தைக் கசியவிட்டது. 2010 ஆகஸ்டில் உலகம் முழுக்கத் திரும்பப் பெற்றார்கள். இந்தியாவில் மட்டும் சுமார் 4,700 பேருக்கு அதைப் பொருத்தியிருந்தார்கள். அவர்களில் பெரும்பாலோரைத் தேடிப் பிடிக்கவே முடியவில்லை. இழப்பீட்டுக்கு அரசு குழு போட வேண்டியிருந்தது. அந்த ஒரு பக்கக் கொள்கை அப்போதும் சுவரில்தான் இருந்தது. மாத்திரைப் புட்டியைக் கடை அலமாரியிலிருந்து எடுத்துவிடலாம். மனிதருக்குள் வைத்ததை எடுக்க, அவர் எங்கே இருக்கிறார் என்ற கணக்கு வேண்டும்.

*

அரவிந்துக்கே திரும்புகிறேன், இரண்டு விஷயம் பாக்கி.

முதலாவது லென்ஸ். புரையை எடுத்துவிட்டுக் கண்ணுக்குள் லென்ஸ் வைக்கும் முறை பரவியபோது ஒரு லென்ஸ் நூறு டாலரை ஒட்டி விற்றது. ஏழை நாடுகளுக்கு இது கட்டாது, சோடாப்புட்டிக் கண்ணாடியே போதும் என்பது அந்தக் காலத்து நிபுணர் கருத்து. அரவிந்தில் ஒப்புக்கொள்ளவில்லை. 1992இல் ஆரோலேப் என்று சொந்தமாகத் தொழிற்சாலை போட்டு, விலையைப் பத்து டாலர் அளவுக்கும் பிறகு அதற்குக் கீழும் கொண்டுவந்தார்கள். தங்களுக்கு மட்டும் வைத்துக்கொள்ளாமல் நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்கு விற்கிறார்கள். அதே ஆண்டு பயிற்சி நிறுவனம் ஒன்றும் தொடங்கி, மற்ற கண் ஆஸ்பத்திரிகளுக்குத் தங்கள் தொழில் முறையைக் கற்றுக்கொடுக்கிறார்கள். போட்டியாளருக்கு எவனாவது சொல்லிக்கொடுப்பானா? எண்ணுவது வருமானத்தை என்றால் மாட்டான். எண்ணுவது பார்வையில்லாதவர்களை என்றால், அடுத்த ஊர் ஆஸ்பத்திரி போட்டியில் சேர்த்தி இல்லை.

வேங்கடசாமி 2006 ஜூலையில் இறந்தார். அதன் பிறகு சென்னை, திருப்பதி என்று கிளைகள் வளர்ந்தன. ஓர் ஆளை நம்பிய நிறுவனம் என்றால் அப்போதே தெரிந்திருக்கும்.

*

இரண்டாவது, வராதவர்கள். ஆரம்பத்தில் கிராமங்களில் நடத்திய கண் முகாமில் பார்த்து, ஆபரேஷன் இலவசம், வாருங்கள் என்று சொன்னால் போதும் என்று நினைத்தார்கள். பெரும்பாலோர் வரவில்லை. விசாரித்தபோது பஸ் காசு, சாப்பாடு, துணைக்கு வருகிறவரின் ஒரு நாள் கூலி, அவர் போனால் ஆட்டை யார் பார்ப்பது என்று காரணங்கள் வந்தன. இலவசம் என்பது ஆஸ்பத்திரி பக்கத்துக் கணக்கு. அதற்குப் பிறகுதான் பஸ்ஸில் ஏற்றி வந்து, சாப்பாடு போட்டு, திரும்பக் கொண்டுபோய் விடும் வழக்கம் வந்தது.

வார்டுகள் நிறைந்தன, முகாம்களில் கூட்டம், விருதுகள். அந்த நிலையில் எந்த நிறுவனமும் திருப்தியாக இருந்துவிடும். 1999இல் ஓர் ஆய்வு வெளியானது. அரவிந்தின் துளசிராஜும் அதை எழுதியவர்களில் ஒருவர். முகாம் நடந்த கிராமங்களில் வீடு வீடாகப் போய்ப் பார்த்ததில், கண்ணில் குறை இருந்தவர்களில் முகாமுக்கு வந்தவர்கள் சுமார் 7 சதவீதம். நூற்றில் மீதி 93 பேர் முகாமுக்கு வரவே இல்லை. தன் முகாம்களைப் பற்றி இப்படி ஓர் எண்ணைத் தேடிப் போய் எடுத்து, அதை அச்சிலும் போட்ட நிறுவனங்கள் எத்தனை இருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன்.

2004 முதல் கிராமப்புறங்களில் சிறு கண் மையங்கள் திறக்கிறார்கள். வாடகை அறை, பயிற்சி பெற்ற பெண், பரிசோதனைக் கருவி, கேமரா. ஆஸ்பத்திரியில் இருக்கும் டாக்டர் திரையில் பார்த்துச் சொல்கிறார். கண்ணாடி தேவையென்றால் அங்கேயே கிடைக்கும். ஆரம்பத்தில் கட்டணம் 20 ரூபாய். இப்போது நூறு மையங்களுக்கு மேல். அங்கே வருகிறவர்களில் பெரும்பாலோருக்கு வேலை அந்த அறையிலேயே முடிந்துவிடுகிறது. மதுரை ஆஸ்பத்திரிக்கு அவர்கள் வரவே வேண்டியதில்லை.