பாசியும் பாதையும்

வழியில் கிடக்கும் இடரை அகற்றுவதையும் ஈமானின் கிளைகளுள் ஒன்றாகப் பெருமானார் (ஸல்) அவர்கள் எண்ணியுள்ளார்கள். அந்த ஹதீஸை மாணவர்க்கு ஓதிக்கொடுக்கும்போதெல்லாம் முள்ளையும் கல்லையும் உதாரணம் காட்டுவதே என் வழக்கம். அலாஸ்கா நெடுஞ்சாலையின் வரலாற்றைப் படித்த பின்னர் அவ்வாறு எளிதாகச் சொல்லிக் கடக்க என்னால் இயலவில்லை.

1942ஆம் ஆண்டு. ஜப்பானியர் தாக்கக்கூடும் என அஞ்சிய அமெரிக்கா, கனடா வழியே அலாஸ்காவுக்கு ஏறத்தாழ 1,500 மைல் நீளப் பாதையொன்றைச் சுமார் எட்டு மாதங்களில் அமைத்தது. உழைத்த படைவீரர் பதினாயிரவர்க்கு மேல். அவருள் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கினர் கறுப்பினத்தார். வெள்ளையர் பிரிவுகளில் அவர்களுக்கு இடமில்லை. தனிப் பிரிவுகளாகவே பணிபுரிந்தனர். ஒரே ஸஃப்பில் தோளோடு தோள் நின்று தொழுது பழகிய நமக்கு இதைப் படிக்கவே மனம் கூசுகிறது. படையில் அவ்வேற்றுமையை ஒழிக்கும் ஆணை 1948இல்தான் பிறந்தது. ஆயினும் 1942 அக்டோபரில், பீவர் க்ரீக் அருகே, இரு திசையிலிருந்தும் பாதை வெட்டி வந்த புல்டோசர்கள் எதிரெதிரே சந்தித்தன. ஒன்றை ஓட்டியவர் கறுப்பர். மற்றதை ஓட்டியவர் வெள்ளையர். இருவரும் கைகுலுக்கும் படம் இன்றும் உள்ளது.

அவர்கள் இடர்ப்பட்டது குளிரால் மட்டுமன்று. அங்கே பல இடங்களில் அடிமண் ஈரத்தோடு உறைந்து, கோடையிலும் உருகாமல் பாறைபோல் இறுகிக் கிடக்கும். அதன்மேல் தடிப்பாகப் படர்ந்திருந்த பாசியை இடையூறெனக் கருதி முதலில் வழித்தெறிந்தனர். வெயில் பட்டதும் உறைமண் உருகிச் சேறாயிற்று; லாரிகள் புதைந்தன. பிறகே உண்மை விளங்கிற்று. அந்நிலத்தின் குளிரைக் காத்துநின்ற போர்வையே அப்பாசிதான்! அதைக் கலைக்காமல் விட்டு, மேலே மரங்களைக் குறுக்காக அடுக்கிச் சரளை கொட்டினர், பாதை நின்றது.

பராமரிப்பில் இன்னொரு விந்தை. பாதையோரச் சரிவில் குவியும் பனி, கடுங்குளிர்க் காற்று மண்ணைத் தீண்டாதவாறு மூடி, கோடையில் ஏறிய வெம்மையை உள்ளேயே அடைத்துவிடுகிறது. பனி வெம்மையைக் காக்கிறது என்றால் நம்மூரில் யார் நம்புவார்? ஆகவே, அதை வழித்தெடுத்தும், பருங்கற்களை அடுக்கி அவற்றின் இடுக்குகளில் குளிர்காற்றை உலவவிட்டும் கனடாவின் யூக்கான் பகுதியில் 2008 முதல் சோதித்துப் பார்த்துள்ளனர். புவியின் வெப்பம் உயர்ந்துவரும் இந்நாளில் அவ்வேலை ஓய்ந்தபாடில்லை.

இதையெல்லாம் வகுப்பில் சொன்னபோது ஒரு மாணவன் எழுந்தான். “ஹஜ்ரத், யாரும் நடக்காத சரிவில் கிடக்கும் பனியை அகற்றினாலும் நன்மை உண்டா?”

“உண்டென்றே நம்புகிறேன்” என்றேன்.