பால் குழியிலிருந்து 16 மீட்டர்



நம்ம கோயில் வாட்ஸ்ஆப் குழுவுல ஒரு அண்ணன் கேட்டிருந்தாரு: "தம்பி, கணக்குல லென்ஸ் 1,450 வெள்ளின்னு போட்டிருக்கு. கேமராதான் ஏற்கெனவே இருக்கே, அப்புறம் இது எதுக்கு?" கேட்டது நியாயம். அந்தப் பணம் அன்னதானத்துக்கோ விளக்குக்கோ வந்தது இல்லை. படம் எடுக்கிற செலவுக்குன்னே நாலு குடும்பம் தனியா குடுத்தது. இருந்தாலும் ஆத்தா பேர்ல வந்த காசு. ரெண்டு வரியில பதில் போட்டுட்டுப் போக மனசு வரலை. இங்க முழுசா எழுதறேன், நீளமா இருந்தா பொறுத்துக்குங்க.

போன வருசத் தீமிதியில இருந்து ஆரம்பிக்கணும்.

கோயில் கேமரா பானாசோனிக் ஜிஎக்ஸ்85. 2016ல வந்த மாடல், கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் வகை, கைக்கு அடக்கம். கூட வந்த லென்ஸ் 12-32. அலங்காரம், பந்தல், பந்தி எல்லாத்துக்கும் அது போதும். ஆனா தூரத்துல இருக்கிறது எறும்பு மாதிரித்தான் தெரியும். பெருசா வேணும்னா நாமதான் கிட்ட போகணும்.

நான் போனேன். பூக்குழி முடியுற இடத்துல, பால் குழிக்கு வலது ஓரமா, கயித்துக்கு உள்ளயே நின்னேன். தொண்டூழியர் சட்டை போட்டிருந்தா யாரும் தடுக்க மாட்டாங்க. ஒரு பெரியம்மா மஞ்சச் சேலையோட, கையில வேப்பிலையோட வந்தாங்க. எல்லாரும் நேரா வந்து பால்ல கால் வைக்க மாட்டாங்க, சிலர் ஒரு பக்கமா ஒதுங்குவாங்க. அவங்க வலப்பக்கம் ஒதுங்கினாங்க. அங்க நான் குத்துக்கால் போட்டு உட்கார்ந்திருந்தேன். என்னைப் பார்த்துட்டு ஒரு நொடி நின்னுட்டாங்க. தணல் மேல. மகன் கையைப் பிடிச்சு இழுத்துட்டாரு.

மறுநாள் வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். இடது பாதத்துல கொப்புளம். "ஆத்தா பார்த்துக்குவா, நீ விடு தம்பி"ன்னாங்க. அப்புறம், "படம் நல்லா வந்துச்சா?"ன்னு கேட்டாங்க. வந்திருந்துச்சு. அந்தத் திருவிழாவுலயே நல்ல படம் அதுதான். அவங்ககிட்ட "வரலை பெரியம்மா, ஆடிப்போச்சு"ன்னு பொய் சொன்னேன். இத்தனை மாசமும் அந்தப் படம் என் கைப்பேசியிலயே கிடந்தது, யாருக்கும் காட்டலை. இதை இங்க எழுத இப்ப அவங்ககிட்டயே கேட்டுத்தான் எழுதறேன்.

படம் எடுக்காம விட்டுடலாமேன்னு நீங்க கேக்கலாம். நானும் யோசிச்சேன். கேரி தீவுன்னா வெளியூர்க்காரங்களுக்கு நண்டுச் சாப்பாடும் மா மெரி மக்களோட முகமூடியும்தான். நமக்கு அது தோட்டம். ரப்பர் காலத்துல தாத்தா பாட்டி வந்து இறங்கின இடம். இப்ப எங்க பார்த்தாலும் செம்பனை. நம்ம பிள்ளைங்க பந்திங், தெலுக் பங்லிமா காராங், கிள்ளான்னு போய்ட்டாங்க. திருவிழாவுக்கு லீவு கிடைக்காத பிள்ளை, சிங்கப்பூர்ல வேலைக்கு நிக்கிற பிள்ளை, இந்தப் படத்துலதான் அம்மா பால்குடம் எடுக்கிறதைப் பார்க்குது. அதனால நிறுத்த முடியாது. தள்ளி நின்னு எடுக்கணும். அதுக்குத்தான் டெலி ஜூம்.

எத்தனை மில்லிமீட்டர் வேணும்னு கடையில கேக்கறதுக்கு முன்னாடி, ஒரு ஞாயிற்றுக்கிழமை அளவு நாடாவை எடுத்துக்கிட்டு கோயில் வாசலுக்குப் போனேன். பால் குழி வெட்டற இடத்துல இருந்து தண்ணித் தொட்டி பக்கத்து வேப்பமரம் வரைக்கும் அளந்தா 16 மீட்டர். அங்க நின்னா யார் வழியிலயும் இல்லை. இனி என் இடம் அதுன்னு முடிவு பண்ணிட்டு, அந்த இடத்துக்கு ஏத்த லென்ஸைத் தேடினேன். லென்ஸை வாங்கிட்டு இடம் தேடினா தப்பா முடியும்.

கணக்கு லேசுதான். நம்ம கேமரா மைக்ரோ ஃபோர் தர்ட்ஸ் வகை, உள்ள இருக்கிற சென்சார் 17.3க்கு 13 மில்லிமீட்டர். 100 மி.மீ. லென்ஸைப் போட்டு, கேமராவை நெட்டுக்குத்தாப் பிடிச்சா, 16 மீட்டர் தூரத்துல கிட்டத்தட்ட 2.8 மீட்டர் உயரம் படத்துல அடங்கும். தலையில கரகத்தோட நிக்கிற ஒரு ஆள் சரியா உள்ள வருவாரு. அதே படத்தைப் பழைய லென்ஸ்ல எடுக்கணும்னா 5 மீட்டர் கிட்ட போகணும். முகபாவம் வேணும்னா இன்னும் கிட்ட. அப்படித்தான் நான் கயித்துக்குள்ள போனது.

100 போதும்னு தெரிஞ்சும் ஆசை விடலை. நண்பர் ஒருத்தர் பறவை எடுக்கிறவரு, அவரோட 100-300 லென்ஸை ஒரு வெள்ளிக்கிழமை இரவல் வாங்கினேன். பகல்ல அற்புதம். மகா மண்டபத்துல நின்னுக்கிட்டு வாசல் கோபுரத்து பொம்மை கண் வரைக்கும் எடுத்தேன். சாயங்கால பூசையில கவுத்துடுச்சு. 300க்கு இழுத்தா அதோட வெளிச்ச எண் எஃப்5.6. இந்த எண் பெருசா ஆக ஆக உள்ள வர்ற வெளிச்சம் குறையும். எஃப்2.8ல வர்ற வெளிச்சத்துல கால் பங்குதான் எஃப்5.6ல வரும். நம்ம தீமிதி இருட்டினப்புறம்தான். நடக்கிற காலை நிறுத்திப் பிடிக்க 500ல ஒரு பங்கு நொடி வேணும். அதுக்கு எஃப்2.8ல ஐஎஸ்ஓ 3200 ஆகுதுன்னா, எஃப்5.6ல 12800 ஆகும். முகம் முழுக்க மணல் கொட்டின மாதிரி புள்ளி.

"இப்பத்த கேமராவுல ஆடாம பிடிக்கிற வசதி இருக்கே"ன்னு ஒரு தம்பி சொன்னான். நம்ம கேமராவுலயும் இருக்கு. ஆனா அது நம்ம கை ஆடறதைத்தான் சரிபண்ணும். கரகம் ஆடறவரையும் உருமி அடிக்கிற கையையும் அது நிறுத்தாது. லென்ஸ் வாங்கப் போற எல்லாரும் இதை மனசுல வச்சுக்குங்க, கடையில இதைச் சொல்றவங்க குறைவு.

45-150 ஒண்ணு பார்த்தேன். 200 கிராம்தான், விலையும் குறைச்சல், பிள்ளைங்க விளையாட்டுப் போட்டிக்கு அதுதான் சரி. ஆனா அதுவும் இழுத்தா எஃப்5.6. ஒலிம்பஸ் 40-150 புரோ முழுக்க எஃப்2.8, தரத்துல குறை சொல்ல ஒண்ணும் இல்லை. 760 கிராம், பிடி வளையம் தனி. ஒரு தைப்பூசத்துக்கு அந்த லென்ஸ் போட்ட நண்பரோட கேமராவைத் தோள்ல தொங்கவிட்டுக்கிட்டு பத்துமலை 272 படி ஏறினேன். மேல போனதும் முருகனைக் கும்பிடறதுக்கு முன்னாடி தோளைத்தான் தேய்ச்சேன். நம்ம சின்ன கேமராவுல அதை மாட்டினா முன்பக்கம் தொங்கும். இந்த வேலையை அடுத்து ஒரு பொம்பளைப் பிள்ளை எடுத்துச் செய்யணும்னு எனக்கு ஆசை. நாலு மணி நேரம் கையில வச்சிருக்கிற மாதிரி இருக்கணும்.

கடைசியா பானாசோனிக் 35-100 எஃப்2.8. 360 கிராம். ஜூம் பண்ணினா நீளாது, அதனால கூட்டத்துல யார் முதுகுலயும் இடிக்காது. புதுசு நமக்குக் கட்டாது. பழையது கிள்ளான்ல ஒருத்தர்கிட்ட இருந்துச்சு. போய் டார்ச் அடிச்சுப் பார்த்து வாங்கினேன். நம்ம ஊர் ஈரத்துக்கு லென்ஸ் உள்ள பூஞ்சை பிடிக்கும், சிலந்தி வலை மாதிரி நூல் நூலாத் தெரியும். நம்ம பக்கம் ஆறும் அலையாத்திக் காடும் வேற. இப்ப காத்துப் புகாத டப்பாவுல சிலிக்கா ஜெல் போட்டு, 20 வெள்ளி ஈரமானி ஒண்ணு உள்ள வச்சு, 40இல இருந்து 50 விழுக்காட்டுக்குள்ள வச்சிருக்கேன். டப்பா ஆபீஸ் அலமாரியில இருக்கு. தயவுசெஞ்சு அதுல கற்பூரத்தை வைக்காதீங்க. (வச்சாங்க.)

கும்பாபிஷேகத்துக்கு 300 வேணாமான்னு கேப்பீங்க. கலசம் எடுக்க நல்லாத்தான் இருக்கும். ஆனா 12 வருசத்துக்கு ஒரு தரம் வர்றதுக்கு இரவல் போதும்.

இந்த வருசம் வேப்பமரத்தடியில நின்னு எடுத்தேன். ரெண்டு தப்பு பண்ணினேன், எழுதி வைக்கறேன். சத்தம் வராம எடுக்கலாம்னு எலக்ட்ரானிக் ஷட்டர்ல வச்சேன். எல்இடி விளக்கு வெளிச்சத்துல படம் முழுக்க பட்டை பட்டையா கோடு விழுந்துச்சு. சாதா ஷட்டருக்கு மாத்தினப்புறம்தான் சரியாச்சு. உருமி மேளத்துக்கு நடுவுல கேமராச் சத்தம் யாருக்குக் கேக்கும்? இன்னொண்ணு, பூக்குழிக்கு எதிர்ல நேரா நின்னு, தணலுக்கு மேலாகவே எடுத்தா முகம் தண்ணிக்குள்ள இருக்கிற மாதிரி நெளியுது. சூட்டுல காத்து ஆடறதால. என்ன லென்ஸ் போட்டாலும் அது தீராது. கொஞ்சம் பக்கவாட்டுல தள்ளி நிக்கணும்.

தூரத்துல இருந்து எட்டிப் பிடிக்கிற லென்ஸ் கையில இருக்கும்போது வேற ஒரு சங்கடமும் வருது. கொடிமரத்துல இருந்தே கருவறைக்குள்ள எட்டும். மூலவரை நாம எடுக்கறதில்லை, இனியும் எடுக்கமாட்டோம். அருள் வந்து ஆடற அக்காங்களோட முகம், பால்குடம் நனைஞ்சு சேலை ஒட்டியிருக்கிறவங்க, மயங்கி விழுந்தவங்க, எல்லாமே இப்ப 16 மீட்டர்ல இருந்து அவங்களுக்குத் தெரியாமலேயே கிடைக்குது. கிட்ட நின்னு எடுத்தப்பவாவது முறைப்பாங்க, கையை நீட்டித் தடுப்பாங்க. இந்த வருசம் அப்படி 60, 70 படம் இருந்துச்சு. நானும் தலைவரோட மனைவியும் உட்கார்ந்து அழிச்சோம். உங்க படம் எதையாவது எடுக்கணும்னா சொல்லுங்க, காரணம் கேக்கமாட்டேன்.

அந்தப் பெரியம்மா இந்த வருசமும் மிதிச்சாங்க. வலப்பக்கம்தான் ஒதுங்கினாங்க, அங்க யாரும் இல்லை. பால்ல கால் வச்சு, வேப்பிலையை மகன்கிட்ட குடுத்துட்டு, திரும்பி சன்னதியைப் பார்த்துக் கும்பிட்டாங்க. அது எல்லாம் வந்திருக்கு.

போன வாரம் ரெண்டு படத்தையும் பெருசா அச்சுப் போட்டு எடுத்துக்கிட்டுப் போனேன், போன வருசத்தது, இந்த வருசத்தது. பொய் சொன்னதையும் சொன்னேன். கண்ணாடியை மாட்டிக்கிட்டு ரெண்டையும் ரொம்ப நேரம் பார்த்தாங்க. "இதுல மூஞ்சி நல்லா பெருசா தெரியுதுடா"ன்னு போன வருசப் படத்தை எடுத்துச் சாமி மாடத்துக்குக் கீழ சாய்ச்சு வச்சுட்டு, "அடுத்த வருசமும் மரத்தடியிலயே நில்லு"ன்னாங்க.

லென்ஸ் ரசீது பொருளாளர்கிட்ட இருக்கு, யார் வேணும்னாலும் பார்க்கலாம். 50 வெள்ளி மிச்சம், அதுல தோல் வாரை மாத்தி துணி வார் வாங்கியிருக்கேன், சன்னதிக்குள்ள தோல் வேணாம்னு குருக்கள் சொன்னாரு. படம் எடுக்கப் பழக விருப்பம் உள்ள பிள்ளைங்க வெள்ளிக்கிழமை பூசை முடிஞ்சதும் ஆபீஸ் பக்கம் வாங்க. பொங்கல் தின்ன கையைக் கழுவிட்டு வாங்க.